கடைசி நாளுக்கு மறுநாள்

எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு நான் இரண்டு முறை விண்ணப்பம் போட்டேன். முதல் முறை போட்டது, இடம் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக. அப்பா இதை என்னிடம் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

அறுபதுகளின் பிற்பகுதி. காரைக்குடியில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். எங்களுக்கு அமராவதிபுதூர்ப் பக்கம் நிலம். வீடும் அங்கேதான். அப்பா காரைக்குடியில் உரக்கடை வைத்திருந்தார். யூரியா அப்போதுதான் எங்கள் பக்கம் பழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் போட்டால் பயிர் கருகிவிடும் என்று பயந்துகொண்டே கடைக்கு வருகிற சம்சாரிகளிடம் அப்பா ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எப்போது போடுகிறோம் என்பதுதான் முக்கியம். முந்திப் போட்டால் வீண். பிந்திப் போட்டால் அதைவிட வீண். இந்தக் கொள்கையை அவர் உரத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

பி.எஸ்ஸி. முடிவு வந்த வாரமே குன்றக்குடியிலிருந்து என் அத்தை வந்து இறங்கினார். அப்பாவுக்கு அக்கா. எங்கள் சொந்தத்தில் முக்கால்வாசிக் கல்யாணங்கள் அவர் பேசி முடித்தவை. அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. சாப்பாட்டில் மட்டும் மரியாதை குறையக் கூடாது. எனக்கு நல்ல மார்க் வந்திருப்பதைக் கேட்டுவிட்டு, பெரிய சிக்கல் ஒன்று வந்துவிட்டதாக அவர் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது, பெண் என்ன செய்கிறது என்று. சும்மா இருக்கிறது என்றால், ஏன் சும்மா இருக்கிறது என்று யோசிப்பார்கள். எம்.எஸ்ஸி. படிக்கிறது என்றால், அதற்கு மேல் படித்த பையனை எங்கே போய்த் தேடுவது? எங்கள் சொந்தத்துப் பையன்களில் பெரும்பாலோர் பி.யு.சி.யோடு ஒதுங்கிக்கொண்டவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் வேண்டியிருந்தது. அத்தை அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"படிக்குதுன்னு சொல்லாதே தம்பி. படிக்கப் போட்டிருக்குன்னு சொல்லு. அதுல அறிவும் தெரியும், அடக்கமும் தெரியும்."

அப்பாவுக்கு இது பிடித்துப்போயிற்று. ஆனால் அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. போட்டிருக்கிறது என்று சொல்வதானால் நிஜமாகவே போட்டிருக்க வேண்டும். நிஜமாகவே போட்டு, இடம் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். அத்தை அதை அப்பாவிடமே விட்டுவிட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டார். விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் எது என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மறுநாள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன்.

"அப்ப மறுநாள் போய்ச் சேர்ற மாதிரி போடுவோம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. பி.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் ஒரு நாள் எங்கள் பேராசிரியை, ஒரு முடிவிலியைவிட இன்னொரு முடிவிலி பெரிதாக இருக்க முடியும் என்று பலகையில் நிரூபித்துக் காட்டினார். நாங்கள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தோம். மணி அடித்தது. மீதி எம்.எஸ்ஸி.யில் வரும் என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மீதி என்ன என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு மதுரைக்குப் போக வேண்டும், அங்கே ஹாஸ்டலில் தங்க வேண்டும். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

படிவத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் நான் அவசரமாக எழுதியதைப் பார்த்து, நிதானமாக எழுதச் சொன்னார். நம் பேரில் போகிற காகிதம், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். அவர்கள் பார்க்கவே கூடாது என்பதுதானே ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னபடி மணிமணியாக எழுதிக் கொடுத்தேன். உறை கடையில் அவருடைய மேஜை இழுப்பறையில் இருந்தது. தபால் மதுரைக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்பதை அவர் நாலு பேரிடம் விசாரித்து வைத்திருந்தார். சரியான நாளில் கொண்டுபோய்ப் போட்டார். அது கடைசி நாளுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தது. ஏற்றுக்கொள்ள இயலாமைக்கு வருந்துகிறோம் என்று கல்லூரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்றார் அப்பா.

அந்த வருஷம் வந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வீட்டார் நான் உயரம் என்றார்கள். ஒரு வீட்டார் நான் வாயே திறக்கவில்லை என்றார்கள். அதனால் அடுத்து வந்தவர்களிடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவர்கள் நான் ரொம்பப் பேசுகிறேன் என்றார்கள். இரண்டு இடத்தில் ஜாதகம் சேரவில்லை. எல்லோரிடமும் அப்பா, எம்.எஸ்ஸி.க்குப் போட்டிருப்பதாகச் சொன்னார். ஐப்பசி ஆன பிறகு, போட்டிருந்தோம் என்று சொன்னார். தைக்குப் பிறகு, போடப்போகிறோம் என்று சொன்னார். நான் பி.எஸ்ஸி. புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். விடை தெரிந்த கணக்குகளையே போட்டுக்கொண்டிருப்பது வெறும் வாயை மெல்லுவது மாதிரி இருந்தது. ஆனாலும் போட்டேன்.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பருப்புப் பொட்டலம் மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவார். ஆங்கிலமாக இருந்தால் எழுத்துக் கூட்டிப் படிப்பார். வீட்டில் யாரும் இதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை. என் படிப்பைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ அவர் அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை. அபிப்பிராயம் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாம் வருஷம் விண்ணப்பம் போடுகிற காலம் வந்தது. மதுரைக்கு எழுதிப் படிவம் வரவழைத்தேன். படிவத்தோடு ஒரு விவரத் தாளும் வந்தது. ஒரு முறை செய்து அனுபவப்பட்டுவிட்டதால் அப்பா இந்த முறை வாய்வார்த்தையை நம்பத் தயாராக இல்லை. தாளைக் காட்டச் சொன்னார். ஆங்கிலத்தில் எண்ணும் தேதியும் அவருக்குத் தெரியும். உர மூட்டைச் சீட்டுகளில் அவைதான் முக்கியம். வார்த்தைகளைப் படிக்கக் கடையில் கணக்குப்பிள்ளை இருந்தார்.

தாளில் இரண்டு தேதிகள் இருந்தன. முதல் வரி, படிவம் கொடுக்கப்படும் கடைசி நாள். அதற்கு அடுத்த வரி, பூர்த்தி செய்த படிவம் வந்து சேர வேண்டிய கடைசி நாள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரம் இருந்தது. கடைசி நாள் எது என்று அப்பா கேட்டார். நான் முதல் வரியில் விரலை வைத்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை. அதுவும் ஒரு கடைசி நாள்தான். என் விரல் கொஞ்சம் தடிமன். அடுத்த வரியில் பாதியை மறைத்திருக்கும்.

அப்பா தேதியைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் போன வருஷம் ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் போட்டது ஆபத்தான வேலை என்று அவருக்கு இப்போது தோன்றியிருந்தது. யாராவது இரக்கப்பட்டு எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த முறை இருபது நாள் தள்ளியே போடலாம் என்றார். அப்படிப் போட்டால் இரண்டாவது வரியின் தேதியும் கழிந்துவிடும். அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"அம்புட்டு நாள் பிந்திப் போட்டா வேணும்னே செஞ்ச மாதிரில்ல தெரியும். தேதி கழிஞ்ச மறு வெள்ளிக்கிழமை போட்டுருங்க. மறந்துட்டாகன்னு நினைச்சுக்குவாக."

அப்பா யோசித்தார். வேண்டுமென்றே செய்த மாதிரி தெரிவது அவருக்குப் பிடிக்காத காரியம். அது சரி என்றார். அந்த வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து உறையைத் தபாலில் சேர்த்தார்.

அதற்கு அடுத்த வாரம் சிவகங்கையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் தாலுகா ஆபீஸில் வேலை. பையனின் தகப்பனார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எம்.எஸ்ஸி.க்குப் போட்டிருக்கிறது என்று அப்பா வழக்கம்போலச் சொன்னார். மற்றவர்கள் இதைக் கேட்டால், அப்படியா என்று சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொள்வார்கள். இவர் காப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ரொம்ப சந்தோஷம் என்றார். எந்தக் கல்லூரி, என்ன பாடம், போன தேர்வில் எத்தனை மார்க் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். படிக்கிற பெண்தான் வேண்டும் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறானாம். இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்த்துவிடுங்கள், நாங்கள் ஆவணியில் வந்து பேசுகிறோம் என்றார். அப்பா அந்த உற்சாகத்தில், கிடைக்காமல் எங்கே போகும் என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னதில் அவருக்கு ஆபத்து எதுவும் தெரியவில்லை. தேதிதான் போய்விட்டதே.

பத்து நாள் கழித்து நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. தபால்காரர் அதை அப்பாவின் கையிலேயே கொடுத்தார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்து, இதுவும் வருந்துகிறோம்தானே என்று கேட்டார். இல்லை, வரச் சொல்கிறார்கள் என்றேன்.

"கடைசி நாள் கழிச்சுத்தான போட்டோம்?"

"நீட்டிச்சிருப்பாக போல" என்றேன்.

அப்பாவுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. அவருக்கு அந்தக் கல்லூரிமேல்தான் வருத்தம். அவ்வளவு பெரிய காலேஜ், ஒரு தேதியைச் சொன்னால் அதில் நிற்க வேண்டாமா என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். போகாமல் இருந்துவிடலாம் என்றால், சிவகங்கைக்காரரிடம் சொன்ன வார்த்தை இருந்தது. அத்தைக்குச் சொல்லி அனுப்பினார். அத்தை மறுநாளே வந்து, போய்விட்டு வரட்டும், போனவர்கள் எல்லோருக்குமா கொடுக்கிறார்கள் என்று தைரியம் சொன்னார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, அங்கே கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே என்றும் சொன்னார்.

அப்பாவும் நானும் காலைப் பேருந்தில் மதுரைக்குப் போனோம். அவர் வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தார். மேலூர் தாண்டியதும், எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கேட்டார். நிறையப் பேர் வருவார்கள், இடம் கொஞ்சம்தான் என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஒரே பேருந்தில், ஒரே சீட்டில், நாங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாக வேண்டிக்கொண்டு போனோம்.

கணிதத் துறைத் தலைவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரோடு இன்னும் இரண்டு பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள், கேள்விகளை அவரே கேட்டார். அத்தை சொன்னதை மீறி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். விடை தெரிந்த கணக்குகளையே ஒரு வருஷம் போட்டுக்கொண்டிருந்தது வீண் போகவில்லை. ஓர் இடத்தில் அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதைத் திருத்தினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"போன வருஷமும் போட்டிருந்தீங்க இல்ல?"

ஆமாம், பிந்திவிட்டது என்றேன்.

"கடைசி நாளுக்கு மறுநாள் வர்ற விண்ணப்பம் வருஷா வருஷம் அஞ்சாறு இருக்கு. எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். எல்லாம் பொண்ணுங்களோடதுதான். பையன்களோடது கடைசி நாள் சாயங்காலம், அடிச்சுத் திருத்தி, எப்படியோ வந்து சேர்ந்துடும்."

மற்ற இரண்டு பேராசிரியர்களும் மேஜையைப் பார்த்தார்கள். இந்த ஏற்பாட்டை எங்கள் வீட்டில் மட்டும்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். வேறு ஊர்களிலும் யாரோ ஒரு பெண் நிதானமாக எழுதிக் கொடுத்திருக்கிறாள், யாரோ ஓர் அப்பா தபால் நாளைக் கணக்குப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. துறைத் தலைவர், அப்பா வந்திருக்கிறாரா என்று கேட்டு, அவரை உள்ளே அழைத்துவரச் சொன்னார்.

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். துறைத் தலைவர் சுற்றி வளைக்கவில்லை. உங்கள் மகளுக்கு இடம் உண்டு, வகுப்பு இந்தத் தேதியில் தொடங்குகிறது என்றார். அப்பா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

"ஆடி பொறந்துருதுங்களே. ஆடியில நாங்க புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கிறதில்லைங்க."

"ஆடியில கல்யாணம் வைப்பீங்களா?"

"அது எப்படிங்க வைக்க முடியும்?"

"அப்ப ஆவணி வரைக்கும் பொண்ணு வீட்ல சும்மாதான இருக்கும். அதுவரைக்கும் இங்க இருக்கட்டுமே."

அப்பா யோசித்தார். காலக் கணக்கு என்று வந்துவிட்டால் அப்பா நியாயமான மனிதர். அதில் ஓர் ஓட்டையும் அவருக்குக் கிடைக்கவில்லை.

"ஆவணி வரைக்கும்னா சரிங்க" என்றார்.

துறைத் தலைவர் என் பெயரை இரண்டு வருஷப் படிப்புக்கு எழுதிக்கொண்டார். அப்பா என்னை ஒரு மாதத்துக்கு விட்டிருந்தார். இருவருக்கும் திருப்தி. அப்போது ஆனி முடியவில்லை என்பதால் அப்பா படிப்புச் சம்பளத்தை அன்றைக்கே கட்டிவிட்டார். ஆனியிலேயே ஆரம்பித்ததாக இருக்கட்டும் என்றார். திரும்பி வரும்போது திருப்பத்தூரில் பேருந்து நின்றது. இறங்கிக் காப்பி சாப்பிட்டோம். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அத்தை ஏதோ சொல்லியிருந்தார்களே என்றார். மறந்துபோயிற்று என்றேன். அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எனக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா மடித்த சேலைகளை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா ஒரு சேலையை நீவிவிட்டுக்கொண்டே, அந்தத் தாளில் இரண்டு தேதி போட்டிருந்தது, நானும் பார்த்தேன் என்றார். அப்பாவிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"அவுக என்னய எங்க கேட்டாக?" என்றார் அம்மா.

ஊறுகாய் ஜாடியைத் துணி சுற்றிப் பெட்டியின் மூலையில் வைத்தார். நான் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் ஜாடி சாயாமல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஹாஸ்டலில் என் அறையில் இருந்த பெண்களுக்கு என்னைப் புரிந்துகொள்ள நாளாயிற்று. அவர்கள் இரண்டு வருஷத்துக்கு வந்தவர்கள். நான் ஆவணி வரைக்கும் வந்தவள். சிவகங்கைக்காரர்கள் ஆவணியில் வந்து பேசுவதாகச் சொன்னார்கள் அல்லவா? ஆவணியில் அந்தப் பையனுக்கு அவன் மாமன் மகளையே முடித்துவிட்டார்கள். அந்தப் பெண் பத்தாவது வரை படித்தவள். அப்பாவிடமிருந்து கார்டு வந்தது. அடுத்தது புரட்டாசி, அதில் ஒன்றும் செய்வதற்கில்லை, ஐப்பசி வரை இருந்து படிக்கவும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, உரக்கடையில் அப்பாவுக்குத் தலை நிமிர நேரமில்லை. கார்த்திகை வரை இருக்கவும். கார்த்திகையில் வந்த ஓர் இடம், எம்.எஸ்ஸி. படிக்கிற பெண்ணா என்று பயந்து போய்விட்டது. அடுத்து மார்கழி. தை வரை இருக்கவும். கார்டுகள் இப்படி வந்துகொண்டேயிருந்தன. எப்போதும் ஒரு மாதம்தான். அதற்குமேல் அவர் கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. குளிக்க ஒரு வாளி வாங்கலாமா என்று தை மாதம் வரை யோசித்துவிட்டு, கடைசியில் வாங்கினேன். அதுவரை பக்கத்துக் கட்டில் பெண்ணின் வாளி. அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் வாங்கியதும், அப்பாடா என்றாள்.

முடிவிலியின் மீதி முதல் வருஷக் கடைசியில் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள் புரியவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டு அறையில் ரசம் ஊற்றும்போது புரிந்தது. தட்டை வைத்துவிட்டு அறைக்கு ஓடினேன். இதற்கு ஆசைப்பட்டுத்தான் வந்தேன் என்று அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் வருஷம் மாசியில் ஒரு நாள் என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அப்பா. மாசியில் அவர் கடையை விட்டு வந்திருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பார்வையாளர் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தேவகோட்டைப் பக்கத்து இடம் ஒன்று வந்திருக்கிறது, பையன் திருச்சியில் பாங்கில் வேலை, ஜாதகம் பொருந்தியிருக்கிறது, அத்தைக்கு ரொம்பத் திருப்தி என்றெல்லாம் சொன்னார். பங்குனியில் கல்யாணத்தை வைக்க வேண்டும் என்கிறார்களாம். நான் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் எதை எதை முதலில் வைக்க வேண்டும் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"பரீட்சை என்னைக்குத்தா?" என்று கேட்டார்.

சித்திரையில் ஆரம்பிக்கிறது என்றேன். கடைசிப் பரீட்சை எந்த நாள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் பையிலிருந்து கடைப் பில் ஒன்றை எடுத்து அதன் பின்னால் குறித்துக்கொண்டார். நடுவில் எத்தனை பரீட்சை, எத்தனை நாள் லீவு என்றும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து, நேரமாகிறது, வெயிலுக்கு முன்னால் பஸ் பிடிக்க வேண்டும் என்று போய்விட்டார். வீட்டுக்குப் போய், வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று தேவகோட்டைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்களுக்கு வைகாசி தோதுப்படவில்லை. அப்பா, அப்படியானால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பங்குனியில் முடித்துவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதினால் என்ன என்று கேட்டிருக்கிறார்.

"கதிர் பால் பிடிக்கிற நேரத்துல எவனாச்சும் வயல்ல இறங்குவானாக்கா?" என்று அப்பா கேட்டாராம். இதை அம்மா எனக்குப் பின்னால் சொன்னார். அத்தை அன்று எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனார். அவர் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை.

பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முடிவு வருகிற நாள் அப்பா காலையிலேயே காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேப்பர் வாங்கியிருக்கிறார். என் நம்பர் அவருக்கு மனப்பாடம். பதினோரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டார். கடையைத் திறந்துபோட்டுவிட்டு அவர் அந்த நேரத்தில் வந்ததை நாங்கள் பார்த்ததே இல்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நம்பர் வரவில்லை என்றார். பிறகு, அவருக்குப் பழக்கமில்லாத விதமாக, நிறையப் பேசினார். இது ஒன்றும் பெரிய விஷயமில்லை, மறுபடி எழுதலாமாம், கணக்குப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன், அதுவரை கல்யாணப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது, அக்கா வந்தாலும் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரு பரீட்சையில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அதனால் நானும் நம்பினேன். அரை மணி நேரம் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அப்பா அவ்வளவு பேசியதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே வந்து, அவர் போட்டுவிட்டுப் போன பேப்பரை எடுத்துப் பார்த்தேன். அவர் பார்த்தது பி.எஸ்ஸி. முடிவு. ஒரு பக்கம் முழுவதும் நம்பர்கள். எம்.எஸ்ஸி. அதற்குப் பின்பக்கம், ஓரத்தில், பத்துப் பதினைந்து வரி. என் நம்பர் முதல் வகுப்பில் இருந்தது.

என் கல்யாணம் அடுத்த வைகாசியில் நடந்தது. அத்தை பார்த்த இடம்தான். பெண் கல்லூரி வேலைக்குப் போகும், அதற்குச் சம்மதம் என்றால் மேற்கொண்டு பேசுவோம் என்று அப்பா முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார். அவர்கள் சம்மதித்தார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு நான் பேப்பரைக் கொண்டுபோய், படுத்திருந்த அப்பாவிடம் காட்டினேன். அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டார். நம்பரைப் பார்த்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு நம்பரை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தார்.

"இம்புட்டுச் சின்னதாப் போட்டா எப்படித் தெரியும்?" என்றார்.

அம்மாவிடம் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார். இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டதும் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். பேப்பர் எங்கே என்று கேட்டேன். குன்றக்குடிச் சம்சாரி ஒருவர் உரம் வாங்க வந்ததாகவும் அவரிடம் அத்தைக்குக் கொடுத்து அனுப்பியதாகவும் சொன்னார். அத்தைக்குத்தான் படிக்கத் தெரியாதே என்றேன்.

நம்பருக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன் என்றார்.